வெனிஸ் கட்டடக்கலை பியன்னாலே: முதன்முறை போகிறவர்களுக்கு

ஓவியக் கண்காட்சியில் ஓவியம் இருக்கும். கட்டடக்கலைக் கண்காட்சியில் கட்டடம் இருக்காது. கட்டடத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைக்க முடியாது என்பதால், வரைபடம், அட்டையிலும் மரத்திலும் செய்த மாதிரி, திரையில் ஓடும் படம், முழு அளவில் எழுப்பிய ஒரு துண்டுச் சுவர் அல்லது கூரை என்று வேறு வழிகளில்தான் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். இதை எதிர்பாராமல் உள்ளே போகிறவர்கள் முதல் அறையிலேயே சுவரில் இருக்கும் எல்லா எழுத்தையும் வாசிக்கத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துபோய், மிச்சத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு செலவு செய்து வெனிஸ் வரை போகிறவருக்கு அப்படி நேரக் கூடாது. கட்டடக்கலை படித்தவராக இருக்க வேண்டியதில்லை. எதை விடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் போதும்.

எந்த ஆண்டு, எந்த மாதம்

முதலில் ஆண்டைச் சரிபாருங்கள். பியன்னாலே என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி. வெனிஸ் பியன்னாலே 1895-இல் கலைக் கண்காட்சியாகத் தொடங்கியது. கட்டடக்கலைக்கென்று முதல் சர்வதேசக் கண்காட்சி 1980-இல் நடந்தது; இத்தாலியக் கட்டடக் கலைஞர் பாவ்லோ போர்த்தோகேசி அதன் பொறுப்பாளர். இன்று கலையும் கட்டடக்கலையும் ஆண்டு மாற்றி ஆண்டு வருகின்றன. ஒற்றைப்படை ஆண்டு கட்டடக்கலைக்கு, இரட்டைப்படை ஆண்டு கலைக்கு. 2018 வரை இது நேர்மாறாக இருந்தது. 2020-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2021-க்குத் தள்ளிப்போனதும் வரிசை மாறிவிட்டது. பழைய பயண நூல்களில் பழைய கணக்கே இருக்கும். அதை நம்பி விமானச் சீட்டு எடுத்தால் கட்டடக்கலை பார்க்கப் போனவர் கலைக் கண்காட்சியில் நிற்பார். 2025-இல் நடந்தது 19-ஆவது பதிப்பு, அடுத்தது 2027.

மே மாதம் தொடங்கி நவம்பர் கடைசிவரை கண்காட்சி திறந்திருக்கும். 2025-இல் மே 10 முதல் நவம்பர் 23 வரை நடந்தது. திறப்புக்கு முந்தைய சில நாள்கள் அழைப்பு பெற்றவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் மட்டும். அந்த வாரம் விடுதி வாடகை ஏறும், பொதுச்சீட்டும் செல்லாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் புழுக்கமும் கடுமை; கண்காட்சியின் ஒரு பகுதி நடக்கும் பழைய கப்பல் தளத்தின் பல கூடங்களில் ஏசி கிடையாது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் லீடோ தீவில் திரைப்பட விழா நடப்பதால் அறை கிடைப்பது அரிது. நவம்பரில் மழையும், கடல்நீர் தெருக்களில் ஏறும் கடலேற்றமும் உண்டு. ஆறு மாதம் ஓடிய ப்ரொஜெக்டர்களில் சில அணைந்திருக்கும், இலவசத் தாள்கள் தீர்ந்திருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போவதே எல்லா வகையிலும் நல்லது.

திங்கட்கிழமை விடுமுறை. ஆண்டில் ஓரிரு திங்கள் மட்டும் விதிவிலக்காகத் திறப்பார்கள். சனி, ஞாயிறு வெனிஸில் இருந்துவிட்டுத் திங்கள் கண்காட்சிக்குப் போகலாம் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு பதிப்பிலும் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

விசா, தங்குமிடம், படகு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால், அதிக இரவுகள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதில் தவறினால் விண்ணப்பம் திரும்பிவிடும். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம், அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

தங்குவதற்கு மூன்று இடங்களை யோசிக்கலாம். காஸ்தெல்லோ பகுதியில், குறிப்பாக வியா கரிபால்டி தெருவைச் சுற்றி, அறை கிடைத்தால் கண்காட்சியின் இரண்டு வளாகங்களுக்கும் நடந்தே போகலாம். லீடோ தீவிலிருந்து படகில் பத்து, பதினைந்து நிமிடம். மலிவு வேண்டுமென்றால் தீவுகளுக்கு வெளியே தரைப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே. அங்கிருந்து வெனிஸ் சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயில் பத்து நிமிடம்தான். ஆனால் கண்காட்சி நகரத்தின் கிழக்குக் கோடியிலும் ரயில் நிலையம் மேற்கிலும் இருக்கின்றன. நிலையத்தில் இறங்கிப் படகு பிடித்துப் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். காலையும் மாலையும் இந்த நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் மெஸ்த்ரேயில் மிச்சமான பணம் கால் வலியாக வந்து நிற்கும். எங்கே தங்கினாலும் பெட்டி சிறிதாக இருக்கட்டும். பாலத்துக்குப் பாலம் படிகள், ஒவ்வொன்றிலும் நீங்களேதான் தூக்க வேண்டும்.

படகுப் பேருந்துக்கு வபொரெத்தோ என்று பெயர். 2025 விலைப்படி 75 நிமிடம் செல்லும் ஒரு சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25, 72 மணி நேரச் சீட்டு 45, ஏழு நாளுக்கு 65. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று நாள் ஏறினாலே தனிச்சீட்டுக்கு 57 யூரோ ஆகிவிடும். லீடோவிலோ மெஸ்த்ரேயிலோ தங்குகிறவர்கள் 72 மணி நேரச் சீட்டு எடுப்பது லாபம். காஸ்தெல்லோவில் தங்குகிறவருக்குச் சீட்டே தேவைப்படாமல் போகலாம். 6 முதல் 29 வயதுவரை உள்ளவர்களுக்கு ரோலிங் வெனிஸ் என்ற அட்டை உண்டு. அதைக் காட்டினால் 72 மணி நேரச் சீட்டு கணிசமாகக் குறையும். ஏறுவதற்கு முன் சீட்டைத் துறையில் உள்ள கருவியில் காட்ட மறக்காதீர்கள். பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் கருவியில் காட்டாவிட்டால் சீட்டில்லாத பயணமாகக் கருதி அபராதம் போடுவார்கள். நிலையத்திலிருந்து 1, 4.1, 5.1 ஆகிய தடங்கள் கண்காட்சிப் பக்கம் போகின்றன. 1-ஆம் தடம் பெருங்கால்வாய் வழியே எல்லாத் துறையிலும் நின்று போகும். முதல் நாள் வேடிக்கை பார்க்க அது, அவசரத்துக்கு மற்றவை.

ஏப்ரல் முதல் ஜூலைவரை குறிப்பிட்ட சில நாள்களில், பகலில் வந்து இரவுக்குள் திரும்பும் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2025-இல் முன்பே பதிந்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி நாள்களில் பதிந்தவர்களுக்கு 10. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நுழைவுச்சீட்டில் கவனிக்க வேண்டியது

கண்காட்சி இரண்டு பெரிய வளாகங்களில் நடக்கிறது: ஜார்தீனி என்ற பூங்கா, அர்செனாலே என்ற பழைய அரசுக் கப்பல் தளம். சாதாரணச் சீட்டில் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு முறை நுழையலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த நாளாகவும் இருக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகை பலருக்குத் தெரிவதில்லை, ஒரே நாளில் இரண்டையும் ஓடி முடிக்கிறார்கள். ஆனால் வளாகத்தைவிட்டு வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழையும் மூன்று நாள் சீட்டு எடுங்கள். ஏறக்குறைய 10 யூரோதான் கூடுதல். அண்மைப் பதிப்புகளில் சாதாரணச் சீட்டு 25 முதல் 30 யூரோவுக்குள் இருந்திருக்கிறது. மாணவர்களுக்கும் 26 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பெரிய தள்ளுபடி உண்டு. வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள், அசலை எடுத்துப் போங்கள்.

திறப்பு நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். அண்மையில் கோடையில் காலை 11 முதல் மாலை 7 வரை, இலையுதிர் காலத்தில் 10 முதல் 6 வரை. செப்டம்பர் கடைசிவரை வெள்ளி, சனிக்கிழமைகளில் அர்செனாலே மட்டும் இரவு 8 வரை திறந்திருந்தது. அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் அருமையானது: வெயில் தணிந்திருக்கும், பயணக்குழுக்கள் போயிருக்கும், நீளமான கூடத்தில் உங்கள் காலடி ஓசை கேட்கும்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு பயிற்சி

வீடு கட்ட அனுமதி வாங்கியபோது கொடுத்த பிளான் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நிச்சயம் இருக்கும். அதை எடுத்து விரியுங்கள். பெரும்பாலும் 1:100 அளவில் இருக்கும். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். ஸ்கேலை வைத்துக் கூடத்தை அளந்து பாருங்கள், பிறகு எழுந்து நடந்து பாருங்கள். தாளில் உள்ள நான்கு சென்டிமீட்டர் உடம்புக்கு எவ்வளவு என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் வெனிஸில் தொங்கும் எந்த வரைபடமும் அச்சுறுத்தாது.

பிளான் என்பது இடுப்புயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. செக்‌ஷன் என்பது கொழுக்கட்டையை நடுவில் பிட்டு உள்ளே பூரணத்தைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாக அறுத்துப் பக்கத்திலிருந்து பார்ப்பது. கண்காட்சியில் நேரம் குறைவாக இருந்தால் செக்‌ஷனை மட்டும் பாருங்கள். வெளிச்சம் எந்த வழியாக இறங்குகிறது, காற்று எப்படி ஏறி வெளியேறுகிறது, கட்டடம் பூமிக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அறுபட்ட சுவரும் தளமும் தடித்த கறுப்பாக இருக்கும். தரைக்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதில் வரைந்திருக்கும் மனித உருவத்தைத் தேடுங்கள். 1:50 அளவில் ஓர் ஆள் மூன்றரை சென்டிமீட்டர் இருப்பார், 1:200-இல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த ஆளை உங்கள் மனத்தில் அறை அறையாக நடக்க விட்டால் கட்டடம் தானாகத் திறந்துகொள்ளும்.

மாதிரிகளை எல்லாரும் நின்றபடி மேலிருந்து பார்க்கிறார்கள். மேலிருந்து எந்தக் கட்டடமும் கூரைதான். குனிந்து, மாதிரியின் தரைமட்டத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுவந்து, அதன் வாசல் வழியாக உள்ளே பாருங்கள். கைப்பேசியின் கேமராவைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தாலும் அதே காட்சி கிடைக்கும். மாதிரியைத் தொடாதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம்.

கண்காட்சியில் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஓர் அரங்கு வைக்கும். சில அரங்குகளில் படமோ மாதிரியோ இருக்காது. அறையே காட்சிப்பொருள். 2018-இல் சிறந்த நாட்டு அரங்குக்கான தங்க சிங்கம் விருது வாங்கிய சுவிட்சர்லாந்து அரங்கில் ஒன்றுமில்லாத வெள்ளை அடுக்குமாடி வீடு மட்டும்தான் இருந்தது. ஆனால் ஓர் அறையில் கதவின் கைப்பிடி தலைக்கு மேலே இருக்கும், அடுத்த அறையில் குனிந்தால்தான் நுழைய முடியும். அன்றாட வீட்டில் நாம் கவனிக்காமல் விடும் அளவுகளை உடம்பே உணரும்படி செய்திருந்தார்கள். 2023-இல் பிரேசில் தன் அரங்கின் தரை முழுக்க மண்ணைக் கொட்டியிருந்தது. நடக்கும்போதே விஷயம் புரிந்தது. 2025-இல் அர்செனாலேயின் முதல் அறை இருட்டாக, ஏசி வெளிப்பெட்டிகள் தொங்க, வெப்பம் முகத்தில் அடித்தது. ஒரு வீட்டைக் குளிர்விக்கும் எந்திரம் தெருவுக்கு என்ன செய்கிறது என்று சென்னையில் சந்து ஒன்றில் நடந்தவருக்கு விளக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட அறையில் விளக்கப் பலகையைத் தேடி ஓடாமல், முதலில் சும்மா நில்லுங்கள். சூடு, ஈரம், எதிரொலி, வாசனை, தரையின் தன்மை இவற்றைக் கவனித்த பிறகு வாசிக்கலாம்.

எத்தனை அரங்கு பார்க்கலாம்

2025-இல் 66 நாடுகள் பங்கேற்றன. நாட்டு அரங்குகள் தவிர, அந்தப் பதிப்பின் பொறுப்பாளர் தொகுக்கும் மையக் கண்காட்சியில் மட்டும் 750-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். நாட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலே பதினொரு மணி நேரம். ஆகவே முழுதாகப் பார்ப்பது என்ற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு முழு நாள் வளாகங்களுக்கும் அரை நாள் நகரத்துக்கும் ஒதுக்கினால் நிறைவாக இருக்கும்.

ஒவ்வோர் அரங்கிலும் இந்த வரிசை உதவும். நுழைந்ததும் எதையும் வாசிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். இரண்டு நிமிடம் போதும். பிறகு வாசலருகே இருக்கும் முதல் பலகையை மட்டும் வாசியுங்கள். அந்த இரண்டும் சேர்ந்து உங்களை இழுத்தால் இருபது நிமிடம் தாராளமாகச் செலவிடுங்கள். இழுக்காவிட்டால் குற்ற உணர்வில்லாமல் வெளியேறுங்கள். படம் ஓடும் அறையாக இருந்தால் அதன் நீளத்தைப் பலகையில் பார்த்துவிட்டு உட்காருங்கள். நாற்பது நிமிடப் படத்தின் நடுவில் நுழைந்து, தொடக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பலகைகளின் ஆங்கிலம் பல நேரம் தேவையில்லாமல் கடினமாக இருக்கும். புரியாவிட்டால் அது உங்கள் குறை இல்லை. ஒவ்வோர் அரங்கிலும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ காவலுக்கு இருப்பார், பெரும்பாலும் கட்டடக்கலை மாணவர். "இதில் நீங்கள் முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். பலகை முழுவதும் சொல்லாததை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஜார்தீனி: அரங்குகளே காட்சிப்பொருள்

பூங்காவில் 29 நாட்டு அரங்குகள் சொந்தக் கட்டடங்களாக நிரந்தரமாக நிற்கின்றன. முதலில் வந்தது பெல்ஜியம், 1907-இல். உள்ளே வைத்திருக்கும் காட்சி ஆறு மாதத்தில் போய்விடும். இந்தக் கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டின் கட்டடக்கலை வரலாறாக அங்கேயே இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இத்தனையையும் ஒரு மணி நேர நடையில் பார்க்க முடியாது. உள்ளே இருப்பது உங்களுக்கு ஒட்டாவிட்டாலும் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நோர்டிக் அரங்கு. சுவீடன், நார்வே, பின்லாந்து மூன்றுக்கும் பொதுவானது. நார்வேக்காரரான ஸ்வேரே ஃபேன் வடிவமைத்து 1962-இல் திறந்தது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு மீட்டர் உயரமும் ஆறு சென்டிமீட்டர் தடிப்பும் கொண்ட கான்கிரீட் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, குறுக்கும் நெடுக்குமாக. வெனிஸ் வெயில் நேராக இறங்காமல் அவற்றில் பட்டுச் சிதறி, வடக்கு நாடுகளின் நிழலற்ற வெளிச்சமாக மாறுகிறது. அங்கே ஏற்கெனவே நின்ற மரங்களை வெட்டாமல் கூரையை அவற்றுக்கு வழிவிடச் செய்தார். நண்பகலுக்கு ஒருமுறை, மாலைக்கு ஒருமுறை போங்கள். ஒரே அறை இரண்டு அறையாகத் தெரியும்.

அல்வார் ஆல்தோ 1956-இல் பின்லாந்துக்குச் செய்த சிறிய மர அரங்கு தற்காலிகத்துக்கென்று எழுப்பியது, இன்றும் நிற்கிறது. கனடாவின் அரங்கு, 1958, ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் ஒரு மரத்தைச் சுற்றிச் சுருண்டிருக்கிறது. ஜெர்மனியின் அரங்கு 1938-இல் நாஜி ஆட்சியில் மாற்றிக் கட்டியது. அதன் விறைப்பான தூண்களுக்கு எதிரே நின்றுவிட்டுக் கனடாவுக்குள் நுழைந்தால் ஒரு கட்டடம் எப்படி அதட்டும், எப்படி அழைக்கும் என்று சொல்லாமலே விளங்கும். நெதர்லாந்துக்கு ரீட்வெல்ட், வெனிசுவேலாவுக்குக் கார்லோ ஸ்கார்ப்பா, ஆஸ்திரியாவுக்கு யோசஃப் ஹோஃப்மன் வடிவமைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் ஐந்தைந்து நிமிடமாவது கொடுங்கள்.

போகும் ஒழுங்கு முக்கியம். முதன்மை வாயிலில் நுழையும் கூட்டம் நேர்ச்சாலையில் நடந்து, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் குவியும். நீங்கள் திறந்தவுடன் போயிருந்தால் நேராகச் சிறு கால்வாயின் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுங்கள். பிரேசில், ஆஸ்திரியா, செர்பியா, எகிப்து, போலந்து, ருமேனியா, கிரீஸ் எல்லாம் அங்கே இருக்கின்றன. கடைசியில் பார்க்கலாம் என்று விடுகிறவர்கள் பெரும்பாலும் போவதே இல்லை. முடித்துவிட்டு மதியம் இக்கரைக்கு வாருங்கள். தங்க சிங்கம் அறிவித்த அரங்குக்கு வரிசை நீளும். அதை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அர்செனாலே: நீளத்தைக் கணக்கில் வையுங்கள்

இங்கே மையக் கண்காட்சி நடக்கும் கோர்தெரியே, வெனிஸ் குடியரசின் கப்பல்களுக்குக் கயிறு திரித்த கூடம். கயிற்றை நீளவாக்கில் இழுத்துத்தான் முறுக்க வேண்டும், அதனால் கூடம் 317 மீட்டர் நீளம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தோனியோ தா பொந்தே இதைத் திருப்பிக் கட்டினார். ரியால்தோ பாலமும் அவருடையதே. கயிறு முறுக்கிய நீளத்தில்தான் இன்று நீங்கள் நடக்கிறீர்கள்.

இதன் சிக்கலும் அந்த நீளம்தான். முன்னே போவது தவிர வேறு வழி இல்லை. எல்லாரும் முதல் நூறு மீட்டரில் இரண்டு மணி நேரம் செலவிட்டு, பிறகு வரும் நாட்டு அரங்குகளையும், கடைக்கோடியில் இருக்கும் இத்தாலி, சீனா அரங்குகளையும் கால் இழுத்துக்கொண்டு கடக்கிறார்கள். நுழைந்ததும் கடிகாரம் பாருங்கள்: கயிற்றுக் கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு அடுத்த நாட்டு அரங்குகளுக்கு ஒன்றரை, பிறகு காஜ்யாந்த்ரே என்ற நீர்மேல் கூரையிட்ட கப்பல் கொட்டகையில் அரை மணி நேரம் உட்காருவது, மிச்சம் கோடியில் உள்ள தோட்டத்துக்கு. உட்காரும் அரை மணியைக் குறைக்காதீர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கூடத்தில் ஒரு சொந்தமும் உண்டு. ஆரோவில்லில் கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லில் கட்டிய 'வால் ஹவுஸ்' என்ற வீட்டை 2012-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக இதே அர்செனாலேக்குள் முழு அளவில் மறுபடி எழுப்பினார்கள். இந்தியாவிலிருந்து போன கைவினைஞர்களோடு மாணவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள்.  வெனிஸ் போகும் முன் ஆரோவில் போய்வர முடிந்தால், முழு அளவு மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது ஒப்பிட உங்களிடம் ஓர் அசல் இருக்கும்.

நகரத்துக்குள்

இரண்டு வளாகத்திலும் இடமில்லாத நாடுகள் நகரத்தின் பழைய மாளிகைகளையும் கிடங்குகளையும் வாடகைக்கு எடுக்கின்றன. இவற்றுக்குப் பெரும்பாலும் சீட்டு வேண்டாம். சாதாரணமாக உள்ளே போகவே முடியாத மாளிகையின் மாடிக்கு ஏற இதுவே வாய்ப்பு. ஆனால் திறப்பு நேரமும் விடுமுறை நாளும் ஒவ்வோரிடத்திலும் வேறு. சிலது கண்காட்சி முடிவதற்கு முன்பே மூடிவிடும். வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் நான்கைந்தை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். வெனிஸ் சந்துகளில் கைப்பேசியின் வழிகாட்டி அடிக்கடி தடுமாறும், ஒரு மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் எட்ட முடியாது.

வயிறும் காலும்

வளாகத்துக்குள் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, மதியம் ஒரு மணிக்கு வரிசை நீளும், விலையும் கூடுதல். இரண்டு வளாகத்துக்கும் நடுவே இருக்கும் வியா கரிபால்டி தெருவில் பழக்கடை, ரொட்டிக்கடை, பலசரக்குக் கடை எல்லாம் உண்டு. காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. தெருக் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். காலி பாட்டில் போதும்.

பூங்காவில் சரளைப் பாதை, கப்பல் தளத்தில் கல்தளம். ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் எளிதாக நடந்துவிடுவீர்கள். பழகிய காலணி அணியுங்கள், புதியது வேண்டாம். மாலையில் பூங்காவில் கொசு மொய்க்கும், களிம்பு கொண்டுபோங்கள். பெரிய முதுகுப்பையை அனுமதிக்க மாட்டார்கள். விடுதியைக் காலி செய்யும் நாளில் பெட்டியை ரயில் நிலையத்திலோ விடுதியிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

அக்டோபருக்குப் பிறகு கடலேற்றத்தைக் கவனியுங்கள். 2020 முதல் கழிமுகத்தில் மோசே என்ற தடுப்புக் கதவுகள் எழுப்பப்படுகின்றன. பொதுவாக நீர்மட்டம் 110 சென்டிமீட்டர் ஆகும் என்று எதிர்பார்க்கும்போதுதான் அவற்றை உயர்த்துவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் அதைவிடத் தாழ்வு, எண்பது சொச்சத்திலேயே நீர் ஏறத் தொடங்கும். நகராட்சி நாள்தோறும் நீர்மட்ட முன்னறிவிப்பு வெளியிடுகிறது, காலையில் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அதே முன்னறிவிப்பை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாம். சான் மார்க்கோவிலிருந்து சில நிமிட நடையில் குவெரீனி ஸ்தம்பாலியா என்ற மாளிகை இருக்கிறது. அதன் தரைத்தளத்தைக் கார்லோ ஸ்கார்ப்பா 1960-களின் தொடக்கத்தில் மாற்றியமைத்தார். வெள்ளத்தைச் சுவர் வைத்துத் தடுக்காமல், கால்வாய்ப் பக்கக் கதவு வழியே உள்ளே வரவிட்டு, படிகளிலும் ஓடைகளிலும் ஓடிப்போகும்படி செய்தார். நீர்மட்டம் உயரும் என்று அறிவித்திருக்கும் நேரத்தில் அங்கே போனால் கால்வாய் படிப்படியாக ஏறி அறைக்குள் வருவதைப் பார்க்கலாம்.